மழை, அம்மா, தனிமை: முதல் கவிதையை எழுதிப் பார்க்க ஒரு வழிகாட்டி

கவிதை எழுதிப் பார்க்கலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது மழையை. அல்லது அம்மாவை, தாத்தாவை. இல்லையென்றால் ஆளில்லாமல் தனியாகக் கழிந்த ஒரு காலத்தை. எடுத்ததில் குறையில்லை. மழைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தனிமைக்கு ஒன்று என்று பிரித்து எழுதும்போதுதான் காரியம் கெடுகிறது. மழை வெறும் வர்ணனையாகிவிடும், அம்மா துதிப்பாட்டாகிவிடுவாள், தனிமை புலம்பலில் போய் முடியும். மூன்றையும் ஒரே கவிதைக்குள் உட்கார வைத்துப் பாருங்கள். ஒன்று துள்ளினால் மற்ற இரண்டும் அதைப் பிடித்து அமர்த்தும்.

இது புது யோசனை இல்லை. புறநானூற்றின் 112-வது பாட்டு பாரியின் மகள்கள் பாடியது. ஐந்தே அடி. போன மாத நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாத நிலவில் வென்ற வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் செய்தி. அழுதோம் என்று ஒரு சொல் கிடையாது. அப்பா எவ்வளவு நல்லவர், எத்தனை பேருக்கு வாரிக் கொடுத்தார் என்ற பேச்சும் கிடையாது. நிலவு இரண்டு மாதத்திலும் அதே வெள்ளை நிலவு. மாறாத அந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்ததால் மாறிப்போனது தானாகத் தெரிகிறது. இயற்கை, குடும்பம், நாதியற்ற தனிமை மூன்றும் இதில் இருக்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஐந்து அடி செய்யும் வேலையை நாமும் செய்து பார்க்கத்தான்.

முதலில் இடமும் நேரமும்

அகப்பாட்டுக்கு மூன்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம்: முதல், கரு, உரி. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அந்த இடத்தில் வாழும் மரம், பறவை, விலங்கு, மனிதர் பார்க்கும் தொழில் முதலியவை கருப்பொருள். அங்கே நிகழும் உணர்வு உரிப்பொருள். முல்லை என்றால் காடு, கார்காலம், மாலைப்பொழுது, உணர்வு காத்திருத்தல். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஞாபகத்தில் பலருக்கு இதைக் கேட்டாலே கொட்டாவி வரும். பரீட்சையை மறந்துவிட்டு, எழுதுகிறவனுக்குச் சொன்ன வேலை வரிசையாக இதைப் படித்துப் பாருங்கள். உணர்வுதான் கவிதைக்கு உயிர், ஆனாலும் அது வரிசையில் கடைசி. புதிதாக எழுதுகிறவர்கள் நேர்மாறாகப் போகிறார்கள். ‘ஏக்கம்’ என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு நிலவைத் தேடுகிறார்கள்.

ஆகவே ஒரு இடத்தையும் ஒரு நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். காடு மலை வேண்டாம். ஜன்னல், மாடிப்படி, வாசல், பஸ்ஸுக்காக நிற்கும் இடம், எதுவும் போதும். தினமும் அதே நேரத்தில் கால் மணி நேரம் அங்கே உட்காருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். கண்டதையும் கேட்டதையும் மட்டும் நோட்டில் குறியுங்கள். மனசில் தோன்றியதை எழுத வேண்டாம். ‘சோகமான மாலை’ என்றிருந்தால் அடித்துவிடுங்கள். ‘எதிர்வீட்டு மோட்டார் நின்றது, பிறகுதான் அணில் சத்தம் கேட்டது’ என்றிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அதன் பிறகு, நேற்று இருந்தது இன்று இல்லை என்பது கண்ணில் படத் தொடங்கும். கவிதைக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

நோட்டில் ‘பறவை’, ‘மரம்’, ‘பூ’ என்று இருக்கும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, அது எந்தப் பறவை, எந்த மரம் என்று விசாரியுங்கள். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் கூடவே ஒரு செய்தியும் கிடைக்கும். தவிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மண் நிறம், பார்க்க ஒன்றுமில்லாத பறவை, ஆனால் எப்போதும் கூட்டமாகத்தான் திரியும். கூட்டமாகத்தான் சத்தம் போடும். ஒற்றைத் தவிட்டுக்குருவி உங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்தால் அது ஒரு நிகழ்ச்சி. ‘ஒரு பறவை தனியே அமர்ந்திருந்தது’ என்று எழுதினால் அந்த நிகழ்ச்சி காணாமல் போய்விடும்.

இன்னொரு காரணம், தப்பு நேராது. குயில் கூவுவதைப் பெண்ணின் ஏக்கக் குரலாக எழுதியவர்கள் ஏராளம். நீளமாகக் கூவுவது ஆண் குயில். பெண் குயிலின் குரல் வேறு, கிக்கிக் என்று வெட்டி வெட்டி வரும். உடம்பெல்லாம் புள்ளி. கூடு கட்டும் குயிலும் கவிதைகளில் அடிக்கடி வருகிறது; குயில் கூடு கட்டுவதில்லை, பெரும்பாலும் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். நிலவிலும் இப்படித்தான். மூன்றாம் பிறை மேற்கே, சூரியன் மறைந்த கொஞ்ச நேரம் மட்டும் தெரிந்து அதுவும் மறைந்துவிடும். நடுநிசியில் மூன்றாம் பிறையைப் பார்த்து அழும் கவிதையை விஷயம் தெரிந்தவர் படித்தால், உங்கள் கண்ணீரையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். முழுநிலவு பொழுது சாயும் வேளையில் கிழக்கே எழும். இவ்வளவு தெரிந்தாலே பாதிப் பிழைகள் போய்விடும்.

வீட்டு நினைவைச் சேகரிப்பது

பலரும் சறுக்குவது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நினைவு என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி நினைவே இல்லை, அபிப்பிராயம். ‘பாட்டி பாசமானவள்’ என்பது அபிப்பிராயம். பாட்டி கடிதம் வந்தால் பிரிக்காமல் இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள் என்பது நினைவு. முதலாவதை யார் வேண்டுமானாலும் யார் பாட்டியைப் பற்றியும் சொல்லலாம். இரண்டாவது அந்த ஒருத்திக்கு மட்டும்தான் பொருந்தும்.

புறநானூற்றின் 243-வது பாட்டில் ஒரு கிழவர் இளமையை நினைக்கிறார். ஆற்று மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியது, நீர்மேல் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திகைக்கும்படி நீர் தெறிக்க ஆழமான மடுவில் குதித்தது, அடிவரை போனதற்கு அத்தாட்சியாக மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. இப்போது கையில் ஊன்றுகோல், நடுக்கம், இருமலுக்கு நடுவே நடுவே சில சொற்கள். அந்தப் பிடி மணலைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பாட்டு ‘ஆற்றில் குதித்து விளையாடினோம்’ என்று சாதாரணமாகிவிடும். பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அவரை அழைக்கிறோம். உங்கள் வீட்டு நினைவிலும் ஒரு பிடி மணல் எங்கோ இருக்கும். தேடுவதற்குச் சில வழிகள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் உணர்வைப் பற்றிக் கேட்காதீர்கள். ‘அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘என்னத்தைச் சொல்ல’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘அந்த வீட்டுக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?’ என்று கேளுங்கள். கதவில் ஆரம்பித்து, தாழ்ப்பாள் துருவேறியது, ஒரு ராத்திரி அது திறக்காமல் போனது, வெளியே நின்றவர் யார், உள்ளே இருந்தவர் யார் என்று தானாக நீளும். அவர் சொல்லச் சொல்ல அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நாம் திருத்தி எழுதும் தமிழைவிட அந்தப் பேச்சு நன்றாக இருக்கும்.

அண்ணன் ஒரு மாதிரியும் அக்கா வேறு மாதிரியும் சொன்னால் பஞ்சாயத்து வைக்காதீர்கள். ஒரே சம்பவத்தில் ஒருவருக்கு மழை பெய்ததாகவும் இன்னொருவருக்கு வெயில் அடித்ததாகவும் நினைவிருந்தால், கவிதை அந்த இடத்திலேயே இருக்கலாம்.

பொருள்களைப் பாருங்கள். போட்டோவைவிட டைரி, பில், மருந்துச் சீட்டு, போன் நம்பர் எழுதிய பழைய நோட்டு போன்றவை உதவும். போட்டோவில் எல்லோரும் கேமராவுக்காக நிற்கிறார்கள். அப்பா கையெழுத்தில் ஆறு இலக்கத் தொலைபேசி எண்கள் வரிசையாக இருக்கும் ஒரு பக்கம், அவற்றில் சில மட்டும் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டிருப்பது, இப்படி ஒன்று கிடைத்தால் வேறு எதுவும் தேட வேண்டாம்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வி வரும்: அவர்கள் படித்தால்? அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று மரபு உண்டு. அதை இங்கே கடன் வாங்கலாம். ‘அம்மா’, ‘சித்தப்பா’ போதும், பெயர் வேண்டாம். ஒருவர் வெட்கப்படக்கூடிய விஷயம் என்றால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடும் முன் அவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கவிதை பிரமாதமாக வந்துவிட்டது என்பது அதற்குப் பதிலாகாது.

தனிமைக்கு ஒரு சாட்சி

‘நான் தனியாக இருக்கிறேன்’ என்று எத்தனை முறை எழுதினாலும் படிப்பவருக்குத் தனிமை வந்து சேராது. பக்கத்தில் இன்னொரு உயிரை வையுங்கள். குறுந்தொகை 25-ல் கபிலர் இதைச் செய்கிறார். அவன் தன்னைக் களவில் மணந்தபோது யாருமே இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, ஒரு குருகு இருந்தது என்று நினைவுகூர்கிறாள். தினைத்தாள் போல மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாட்சி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் கவனம் முழுக்க மீனில். யாருமே இல்லை என்று நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு தனியாகத் தெரிந்திருக்க மாட்டாள்.

அதே தொகையின் 6-வது பாட்டு பதுமனார் பாடியது, நான்கு அடி. நள்ளிரவு. பேச்சு அடங்கி எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், உலகமே தூங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. மற்றவர்கள் தூங்குவதைச் சொன்ன பிறகுதான் ‘நான்’ வருகிறது. உங்கள் வரைவில் ‘நான்’ முதல் வரியிலேயே வந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். பல வரைவுகள் இந்த ஒரு மாற்றத்திலேயே நிமிர்ந்துவிடும்.

நோயிலோ, வேலை போய் வீட்டில் கிடந்தோ, ஒருவர் இறந்த பிறகோ வரும் தனிமை அமைதியானதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. அது தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் நோட்டை மூடிவிட்டு யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அந்த வேலையைக் கவிதையால் செய்ய முடியாது.

எழுதுவதும் வெட்டுவதும்

இந்தக் கட்டுரைக்காகவே ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். இடம்: ஒரு அறை. நேரம்: மழை நின்ற இரவு. கரு: ஈசல். சிறகு முளைத்த கறையான்தான் ஈசல். மழைக்குப் பிறகு கூட்டமாகக் கிளம்பி விளக்கைத் தேடி வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு சிறகு. இறங்கிய கொஞ்ச நேரத்தில் சிறகைத் தானே உதிர்த்துவிட்டு நடக்க ஆரம்பிக்கும். நேராகக் கவிதைக்குப் போனால் இப்படி ஒன்று வந்து நிற்கும்:

மழையே, என் தாயின் நினைவுகளைச்
சுமந்து வருகிறாயா?
தனிமையின் இருளில்
தவிக்கிறது என் இதயம்...
சிறகிழந்த ஈசல்களாய்
உதிர்கின்றன என் கனவுகள்!

இதில் எந்த அம்மா, எந்த வீடு என்று எதுவும் தெரியவில்லை. நினைவு, இருள், இதயம், கனவு என்று எல்லாச் சொல்லும் இரவல். இதை அப்படியே ஒதுக்கிவிட்டு, உரைநடையில் குறிப்பு எழுதுங்கள். அழகு பார்க்கக் கூடாது:

‘மழை விட்டு அரை மணி. ட்யூப்லைட்டில் ஈசல் முட்டுகிறது. அம்மா இருந்தால் ஸ்விட்சை அணைத்திருப்பாள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பாள். ஐந்து பிள்ளைகளும் இருட்டில் தரையில். யார் கால் யார்மேல் என்று சண்டை. தம்பி சிரித்துவிடுவான். இப்போது நான் மட்டும். அணைத்தேன். கால் நீட்ட நிறைய இடம்.’

இதற்குள் கவிதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இனி எடுப்பதுதான் வேலை:

மழை விட்டதும் ஈசல்.
விளக்கை அணைத்து
எங்கள் ஐந்து பேரையும்
இருட்டில் உட்காரவைப்பாள் அம்மா.
யார் கால் யார்மேல் என்று
சண்டை நடக்கும்.

இன்றும் ஈசல்.
அணைத்தேன்.
இரண்டு காலும்
என்னுடையவை.

தம்பியின் சிரிப்பு போய்விட்டது. கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அது இருந்தால் கவனம் காலிலிருந்து சிரிப்புக்கு நகர்ந்துவிடும். ‘ட்யூப்லைட்’ இருந்திருக்கலாம், காலத்தைக் காட்டும். ‘விளக்கு’ வரிக்கு லேசாக இருந்ததால் அதை வைத்தேன். நீங்கள் மாற்றி வைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அம்மா இன்று இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. ‘உட்காரவைப்பாள்’ என்பதிலேயே அந்தப் பழைய வழக்கம் தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். காலையில் தரையெங்கும் சிறகுகள் கிடக்குமே, அதையும் சேர்த்தால் என்ன? ‘காலையில் / தரையெங்கும் உதிர்ந்த சிறகுகள் / நம் நாள்களைப் போல’ என்று கை தானாக எழுதிவிடும். எழுதுங்கள், எழுதிவிட்டு அடியுங்கள். காலோடு கவிதை முடிந்துவிட்டது. சிறகுகள் படிப்பவருக்கு அதை விளக்கிச் சொல்ல வந்தவை. வெட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். சிறகு வேறொரு கவிதைக்கு ஆகும்.

வெட்டும்போது நான் முதலில் பார்ப்பது இவற்றை: ‘போல’ இரண்டு தடவை வந்தால் ஒன்று போக வேண்டும். மூன்று புள்ளிகளும் ஆச்சரியக்குறியும் அநேகமாக எல்லா இடத்திலும் போகலாம். மௌனம், வலி, ஏக்கம், நினைவலை, இதயம் ஆகிய சொற்களைக் கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள். அவை இல்லாமல் எழுத முடியாது என்று தோன்றும் நாளில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிலவையோ மழையையோ விளித்துப் பேசுவதையும் அதோடு ஒத்தி வையுங்கள்.

வரியை எங்கே உடைப்பது

உரைநடையைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினால் கவிதை என்று ஒரு கேலி உண்டு. பல சமயம் அது நியாயமான கேலிதான். தமிழில் வினை வழக்கமாகக் கடைசியில் வரும், அந்த வினைக்குள்ளேயே ஆளும் காலமும் இருக்கும். ‘அணைத்தேன்’ என்ற ஒரே சொல்லில் யார், எப்போது, என்ன செய்தார் என்று மூன்றும் அடங்கிவிடுவதால் அதைத் தனி வரியாக நிறுத்தலாம், ‘நான்’ தேவையில்லை. ஆளை வினைக்குப் பின்னால் தள்ளி ‘உட்காரவைப்பாள் அம்மா’ என்று முடித்தால் அழுத்தம் ஆளின்மேல் விழும். இதைச் சிறிய கவிதையில் ஒரு தடவை செய்தால் நன்றாக இருக்கும். எல்லா வரியிலும் செய்தால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். பெயரடையை ஒரு வரியிலும் பெயரை அடுத்த வரியிலும் போட்டு உடைக்கும் முன் காரணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் போட்டுப் படிப்பதைவிட நல்ல சோதனை இல்லை. மூச்சு தட்டும் இடம், நாக்கு சிக்கும் சந்தி, ஒரே ஒலி தேவையில்லாமல் திரும்பும் இடம் எல்லாம் காதில் விழும். கூச்சமாக இருந்தால் போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரலே ஒரு வரியில் அவசரப்பட்டு ஓடினால், அந்த வரியில் உங்களுக்கே நம்பிக்கையில்லை என்று அர்த்தம்.

நீளம் பற்றிக் கவலை வேண்டாம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள், ஐங்குறுநூற்றில் மூன்று முதல் ஆறுக்குள். ஆரம்பத்தில் பத்து வரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எழுதியபின்

தேதி போட்டு மூடி வையுங்கள். எழுதிய சந்தோஷம் வடிந்தபிறகு, இரண்டு வாரம் கழித்தாவது, எடுத்துப் படியுங்கள். அப்போது தலைப்பு வையுங்கள். தலைப்பு கவிதையின் முடிவை முன்கூட்டியே போட்டு உடைக்கக் கூடாது. மேலே உள்ளதற்கு ‘தனிமை’ என்றோ ‘அம்மா இல்லாத வீடு’ என்றோ வைத்தால் கடைசி வரிக்கு வேலையே இருக்காது, ‘ஈசல்’ போதும்.

யாரிடம் காட்டுவது என்பது அவரவர் அதிர்ஷ்டம். ‘அருமை’ என்று மட்டும் சொல்பவரிடம் காட்டிப் பயனில்லை. கவிதையைக் கொடுத்து, ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் நினைத்ததிலிருந்து அடியோடு வேறாக இருந்தால் ஏதோ ஒரு வரி மங்கலாக இருக்கிறது, அதைத் தேடுங்கள். சற்றே வேறாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சமூக வலைத்தளத்தில் முதலில் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே வெளிவந்த கவிதைகளை வாங்காத இதழ்கள் பல. அனுப்பும் இதழின் சில இதழ்களையாவது படித்துவிட்டு, மூன்று நான்கு கவிதைகளை ஒன்றாக அனுப்புங்கள். எதை எங்கே என்று அனுப்பினீர்கள் என்பதை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த நாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்தில் போய் உட்காருங்கள்.